ஆளில்லாத அருவி

"இதைச் செவுத்துல மாட்டுற அளவுக்குப் பெருசா ஆக்க முடியுமால?" என்று அப்பா கேட்டார்.

கையில் என் கைப்பேசி. திரையில் யாரோ அனுப்பியிருந்த குற்றாலம் மெயினருவி. அதை மூக்குக்கு நேராகப் பிடித்தார். பிறகு இடது பக்கம் கொஞ்சம் நகர்த்தி, தலையைச் சாய்த்து, கோழி பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு நடுவில் ஒன்றும் தெரியாது. இருபது வருடச் சர்க்கரை விழித்திரையில் வேலையைக் காட்டியிருந்தது. லேசர் ஆயிற்று, கண்ணுக்குள் ஊசி ஆயிற்று. "இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம், போனது வராது" என்று டாக்டர் சொன்னபோது அப்பா தலையாட்டிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கண்ணை வைத்துப் பிழைத்தவர் அவர். தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கு வந்து, பணிக்காலத்தில் பாதிக்கு மேல் இன்ஸ்பெக்ஷனில் இருந்தார். மைக்ரோமீட்டரில் ஒரு கோடு தள்ளிப்போனாலும் அந்தப் பொருளை ஒதுக்கி வைக்கிற வேலை. ஓய்வு பெறுவதற்கு முன்பே வெள்ளானூரில் மனை வாங்கி வீடு கட்டினார். ஆவடியிலிருந்து செங்குன்றம் போகிற வழியில், அப்போது வயலும் முள்ளுமாக இருந்த ஊர். "இவ்வளவு தள்ளி யாரு வருவா?" என்று அம்மா அன்றைக்குக் கேட்டதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். இப்போது எங்கள் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை.

அந்த வீட்டு ஹாலில் ஷோகேஸை எடுத்த பிறகு ஒரு சுவர் காலியாகக் கிடந்தது. அதில்தான் குற்றாலம் வேண்டும் என்றார். வருடா வருடம் சாரலுக்குப் போய்வந்தவர், மூன்று வருடமாகப் போகவில்லை. வழுக்குப் பாறையில் பார்வையில்லாமல் கால் வைக்க முடியாது, நாங்களும் விடவில்லை.

"ஜூலைல போயி எடுத்துட்டு வாரேன்ப்பா" என்றேன். உள்ளுக்குள் எனக்குக் குஷி. பத்து வருடமாக நான் அருவிகளைத்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா அதில் அக்கறை காட்டியது அதுதான் முதல் தடவை.

*

பகலில் நான் மென்பொருள் எழுதுபவன். சனி ஞாயிறில் பைக்கை எடுத்தால், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகக் கைலாசகோனா. இல்லையென்றால் தடா தாண்டி உப்பலமடுகு. சென்னையின் இந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஆந்திர எல்லைதான் அருவி. கொஞ்சம் விடுப்பு கிடைத்தால் கொல்லிமலை ஆகாயகங்கை, கோத்தகிரிப் பக்கம் கேத்தரின் அருவி, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது டம்டம் பாறையிலிருந்து தெரியும் தலையாறு. அது 297 மீட்டர், தமிழ்நாட்டிலேயே உயரமானது. தூரத்திலிருந்து பார்த்தால் எலிவால் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அருவியைப் படம் எடுப்பதில் முதலில் கற்றுக்கொள்வது தண்ணீரைப் பட்டாக்குவது. ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடி திறந்தால் துளிகள் கண்ணாடிச் சில்லுபோல உறைந்து நிற்கும். அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி என்று திறந்து வைத்தால் துளிகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து வெண்பட்டாகிவிடும். பகல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளுத்துப்போகும். அதற்காக லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி, அதாவது என்டி ஃபில்டர், போடுவோம். ஆறு ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும். கூடவே ஒரு போலரைசர். ஈரப்பாறையின் மேல் அடிக்கும் வானத்தின் பளபளப்பை அது எடுத்துவிட்டால் பாறையின் நிறமும் பாசியின் பச்சையும் வெளியே வரும். ட்ரைபாட், இரண்டு நொடி டைமர், ஐஎஸ்ஓ 100. லென்ஸ் துவாரத்தை எஃப் 8, மிஞ்சினால் எஃப் 11-இல் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் சுருக்கினால் ஒளி துவாரத்தின் விளிம்பில் சிதறி, நுணுக்கம் மங்கத் தொடங்கும்.

இதெல்லாம் பழகிவிட்டால் எந்த அருவியும் அழகாக வரும். அதுதான் அதிலுள்ள சிக்கலும்கூட. என் வன்தட்டில் இருக்கும் அருவிகளைப் பெயர் இல்லாமல் காட்டினால் எது கைலாசகோனா, எது கேத்தரின் என்று எனக்கே சொல்லத் தெரியாது. எல்லாவற்றிலும் அதே கறுத்த பாறை, அதே வெண்பட்டு. ஒன்றிலும் ஆள் கிடையாது.

*

பெரிய அச்சு என்றதும் எனக்குள் இருந்த பொறியாளன் கணக்குப் போட ஆரம்பித்தான். சுவரில் ஆறடி உயரம், நாலடி அகலம் தாராளமாகப் போடலாம். அங்குலக் கணக்கில் 72-க்கு 48.

அச்சுக்கடைக்காரர்கள் வேதம்போல ஓதும் எண் 300, அதாவது ஒரு அங்குலத்தில் 300 புள்ளி. அந்த எண் சும்மா வந்ததல்ல. நல்ல கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். புத்தகம் படிக்கிற மாதிரி 30 சென்டிமீட்டரில் பிடித்துப் பார்த்தால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிக்கு மேல் இருப்பதைக் கண்ணால் பிரிக்க முடியாது. அதே கணக்கில் ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 87 புள்ளி போதும். பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகையைக் கிட்டே போய்ப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும்; சாலையிலிருந்து பார்க்கும்போது நடிகையின் பல் வரிசை பளிச்சென்று தெரியும். பார்க்கிற தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அப்பா கிட்டே போய்ப் பார்ப்பார் என்று தெரியும். அதனால் 200 என்று முடிவு செய்தேன். 72 அங்குலத்துக்கு 14,400 பிக்சல், 48 அங்குலத்துக்கு 9,600. மொத்தம் 138 மெகாபிக்சல். என் கேமராவோ 24 மெகாபிக்சல். நிமிர்த்திப் பிடித்தால் 4,000-க்கு 6,000. பக்கத்துப் பக்கத்துச் சட்டகங்கள் முப்பது சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்து ஒட்டினால், குறுக்கே மூன்று, மேலே மூன்று. ஒன்பது சட்டகம். விடை பிசிறில்லாமல் வந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

*

ஜூலையில் பொதிகையில் தென்காசி போய் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர், "சார், குளிக்க முடியாது. நேத்து ராத்திரி வெள்ளம். ஆர்ச்ச தாண்டி விழுந்துச்சு" என்றார். மெயினருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. அருவி அதைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. அந்த வருடம் தடையைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை. மே 17-ஆம் தேதிதான் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, குளிக்க வந்த ஒரு பள்ளி மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்திருந்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அருவிக்கரையில் நின்றேன். வெள்ளம் வடிந்து தண்ணீர் வெளுத்திருந்தது. தடை மட்டும் இன்னும் நீங்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் துண்டும் டிரவுசருமாக நூறு பேருக்கு மேல் காத்திருந்தார்கள். இடுப்பில் குழந்தை, தலையில் எண்ணெய், முகத்தில் எரிச்சல். "எப்ப சார் விடுவீங்க?" என்று போலீஸ்காரரை ஆளுக்கு ஒரு தடவை கேட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பேரருவி. அடியில் ஒரு ஆள் இல்லை.

சீசனில் மெயினருவியை ஆளில்லாமல் பார்ப்பது லேசில் கிடைக்காது. ராத்திரி இரண்டு மணிக்குப் போனாலும் பத்து பேராவது குளித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கை நடுங்கியது. தடை இன்னும் ஒரு மணி நேரம் நீடித்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். நூறு பேர் ஒன்று வேண்டிக்கொண்டு நிற்க, அவர்கள் நடுவில் நின்று அதற்கு நேர் எதிரானதை வேண்டினேன். அப்போது அது உறைக்கவில்லை.

இரண்டு நொடி ஷட்டர், ஒன்பது சட்டகம், நாலு சுற்று. ஏழே முக்காலுக்கு விசில் ஊதினார்கள். கயிறு விலகியது. கூட்டம் "ஓ" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடியபோது நான் லென்ஸைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

*

வீட்டுக்கு வந்து படங்களைத் தைத்தேன். மென்பொருள் எப்படித் தைக்கிறது என்பது எனக்குப் பிடித்த சங்கதி. முதலில் ஒவ்வொரு படத்திலும் அடையாளம் காணத்தக்க புள்ளிகளைத் தேடும்: பாறையின் மூலை, வேரின் வளைவு. டேவிட் லோவ் 1999-இல் முன்வைத்த சிஃப்ட் என்ற வழிமுறை இதில் புகழ்பெற்றது. பிறகு இந்தப் படத்தின் புள்ளியும் அந்தப் படத்தின் புள்ளியும் ஒன்றுதானா என்று சோடி சேர்க்கும். சோடிகளில் பாதி தப்பாக இருக்கும். சரியானதைப் பிரிப்பதற்கு ரான்சாக் என்று ஒரு முறை, 1981-இல் ஃபிஷ்லரும் போல்ஸும் எழுதியது. ஏதோ நாலு சோடியைக் குருட்டாம்போக்கில் எடுத்து, "படம் இவ்வளவு நகர்ந்திருக்கிறது" என்று ஒரு ஊகம் செய்யும். மற்ற சோடிகளில் எத்தனை இதை ஒப்புக்கொள்கின்றன என்று எண்ணும். திரும்பத் திரும்ப இதையே செய்து, அதிக ஓட்டு வாங்கிய ஊகத்தை வைத்துக்கொள்ளும். ஒத்துப்போகாதவற்றைத் தள்ளிவிடும்.

அருவிப் படத்தில் ஒத்துப்போகாதவை எவை? தண்ணீர். காற்றில் ஆடும் இலை. சாரல். நடக்கிற மனிதன். இந்தக் கணக்குக்கு அசையாதது மட்டும்தான் சாட்சி, அசைவதெல்லாம் பிழை. கல் ஓட்டுப் போட்டு ஜெயிக்கும், தண்ணீர் டெபாசிட் இழக்கும்.

நீண்ட எக்ஸ்போஷர் தைப்பதற்கும் வசதி. ஒவ்வொரு சட்டகத்திலும் துளிகள் வெவ்வேறு இடத்தில் உறைந்து நின்றால் ஓரங்கள் ஒட்டாது. எல்லாவற்றையும் இரண்டு நொடிப் பட்டாக்கிவிட்டால் எந்தப் பட்டும் எந்தப் பட்டோடும் ஒட்டும். கீழ்வரிசையில் ஒரே ஒரு சிக்கல். குடை பிடித்த போலீஸ்காரர் ஒருவர் கம்பியோரமாக நடந்திருக்கிறார். ஒரு சட்டகத்தில் இடுப்புக்கு மேல், இன்னொன்றில் கால் மட்டும். இரண்டையும் அழித்து அங்கே பாறையை வைத்தேன். ஐந்து நிமிட வேலை.

செப்டம்பரில் அச்சாகி வந்தது. ஆட்டோவில் ஏறாமல் குட்டியானை பிடித்துக் கொண்டுவந்தேன். நானும் பக்கத்து வீட்டுப் பையனுமாக மாட்டினோம். நாலடி தள்ளி நின்று பார்த்தேன். பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. மேலே ஒரு மரக்கிளையில் இலைகளை எண்ணலாம். என் வாழ்நாளில் எடுத்த படங்களில் அதுதான் மேல் என்று அப்போது நம்பினேன்.

அப்பாவைக் கூட்டிவந்து நிறுத்தினேன். கிட்டே போனார். தலையைச் சாய்த்தார். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை மெதுவாக நகர்ந்தார். பிறகு மறுபடி இடதுக்கு. அம்மா என்னைப் பார்த்தாள்.

"தண்ணி எங்கல?" என்றார்.

"நடுவுல, ப்பா. வெள்ளையா இருக்கு பாருங்க."

"வெள்ளையா இருக்கு. அதான் தண்ணியா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்: "எனக்கு எல்லாமே இப்பிடித்தாண்டே தெரியுது. இதுக்கு எதுக்கு நீ குத்தாலம் வரைக்கும் போன?"

நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்த பிறகு, இன்னொன்றும் கேட்டார்.

"அன்னைக்குக் குளிக்க விடலையோ?"

*

சில நாள் எனக்கு அந்தப் படத்தின் மீதும் கோபம், அப்பா மீதும் கோபம். பிறகு பொறியாளன் புத்தி திரும்ப வந்தது. நான் போட்ட கணக்கு எல்லாம் நல்ல கண்ணுக்கு. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரிக்கிற கண் அவருடையதல்ல. விழித்திரை பழுதானால் நுணுக்கம் மட்டும் போவதில்லை, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்வதும் குறைந்துபோகும். சாம்பல் மேல் வெள்ளை தெரியாது. கறுப்பின் மேல் வெள்ளை தெரியும். அவருக்கு வேண்டியது 138 மெகாபிக்சல் அல்ல, விளிம்பு. நானோ ஆறு ஸ்டாப் கண்ணாடி போட்டு, காசு செலவழித்து, விளிம்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்திருந்தேன்.

துண்டு துண்டாக எடுத்து ஒட்டுவது ஒன்றும் தப்பான வேலையல்ல. நம் ஊரிலேயே அதற்குப் பழைய முன்னோடி உண்டு. மதராஸ் அரசின் புகைப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை வரிசையாக ஒட்டி ஒரே படமாக்கினார். 19 அடிக்கு மேல் நீளம். மெழுகு பூசிய காகித நெகட்டிவ். அதில் ஒளி பதிய வெகுநேரம் ஆகும். நடந்து போகிறவர்கள் பதியமாட்டார்கள். வானமும் சரியாகப் பதியாது. ட்ரைப் சில நெகட்டிவ்களில் மேகத்தைத் தூரிகையால் வரைந்து சேர்த்திருக்கிறார். கணினி வருவதற்கு நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பே இந்தக் கலையில் எல்லாத் திருட்டும் இருந்திருக்கிறது.

ஆனால் ட்ரைப்புக்கு வேண்டியது கல்வெட்டு. எழுத்து கல்லில் இருக்கிறது, கல் அசையாது. அதற்கு அந்த முறை கச்சிதம். அதே முறையை அருவிக்குப் போட்டால் கிடைப்பது அருவிக்குப் பின்னால் இருக்கும் பாறையின் படம். குற்றாலத்தில் அசையாதது எது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

ட்ரைப்புக்கும் முன்னால் 1792-இலும் 93-இலும் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டைச் சுற்றி வந்து பாபநாசம் அருவியை வரைந்தார்கள். டேனியல்கள் கோயிலை வரைந்தாலும் மலையை வரைந்தாலும் பொதுவாக ஒரு மூலையில் சின்னதாக நாலு மனிதர்களை வைத்துவிடுவார்கள். ஓவியப் பள்ளியில் அதற்கு, இடத்தின் அளவைக் காட்ட என்று காரணம் சொல்வார்கள். ஆள் இருந்தால்தான் அருவி எவ்வளவு பெரிது என்று தெரியும். என் ஆறடிப் படத்தில் அருவி ஆறடிதான் இருந்தது.

*

அந்த வருடம் தண்ணீர் செப்டம்பர்வரை நின்றது. மறுபடியும் பொதிகை. இந்தத் தடவை பையில் ஃபில்டர் இல்லை.

ஐநூறில் ஒரு நொடி என்று வைத்துக்கொண்டேன். முப்பது மீட்டர் விழுந்த தண்ணீர், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், நொடிக்கு 24 மீட்டர் வேகத்தில் வரும். ஐநூறில் ஒரு நொடிக்குள் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முழுக்க உறையாது, பட்டும் ஆகாது. கயிறு கயிறாக, நூல் பிரிந்த வடம் மாதிரி தெரியும். கறுத்த பாறைமேல் அந்த வடங்களுக்கு நல்ல விளிம்பு. அருவிக்கு முன்னால் நிற்கும்போது கண்ணுக்குத் தோன்றுவதும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு திரட்டைக் கண் பிடித்துக்கொண்டு கீழேவரை கூடவே போய், பிறகு மேலே வந்து அடுத்ததைப் பிடிக்கும். நடுவில் பொங்குமாங்கடலில் விழுந்து குமுறி எழும்பி, மறுபடி விழுகிற இடத்தில் அது கை நழுவிப்போகும்.

இந்த வேகத்தில் ஒன்பது சட்டகம் தைக்க முடியாது. ஒரே சட்டகம்தான். 6,000 பிக்சலை 72 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 83. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் நல்ல கண்ணுக்கு ஏறக்குறையப் போதும். அப்பா கண்ணுக்குத் தாராளம்.

பிரச்சினை வேறொன்றாக இருந்தது. குளிக்கிற இடத்தில் கேமராவோடு நிற்பவனை யாருக்கும் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது. ஆளில்லாமல் எடுத்துப் பழகியவனுக்கு இந்தச் சங்கடமே தெரியாமல் இருந்தது. பணியில் இருந்த போலீஸ்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "அப்பாவுக்கா?" என்று கேட்டுவிட்டு, "லேடீஸ் பக்கம் வரக் கூடாது. எடுத்ததும் என்கிட்ட காட்டணும்" என்றார். பெண்கள் பக்கம் சட்டகத்துக்கு வெளியே போகும்படி ஒரு மூலையில் நின்றேன்.

முகங்களைப் பற்றிக் கணக்குப் போட்டேன். 60 மீட்டர் அருவி 6,000 பிக்சலில் விழுந்தால், ஒரு மீட்டருக்கு நூறு பிக்சல். ஒரு ஆள் 170 பிக்சல், அச்சில் இரண்டு அங்குலம். தலை 23 பிக்சல். அதில் மூக்கு எது, கண் எது என்று பிரியாது. நிற்கிற தோரணை தெரியும், தொந்தி தெரியும், தலை வழுக்கையா என்று தெரியும். வீட்டு ஆள் பார்த்தால் "நம்ம ஆளு மாதிரி இருக்கே" என்று சொல்லலாம். தெரியாதவர் பார்த்து யாரென்று கண்டுபிடிக்க முடியாது. மேலும் அருவிக்கு அடியில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறையைப் பார்த்துத்தான் நிற்பார்கள். நமக்குக் காட்டுவது முதுகை. 138 மெகாபிக்சலில் இதே கூட்டத்தை எடுத்திருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாக அகப்பட்டிருப்பார்கள். பிக்சல் குறைவாக இருப்பதும் சில இடத்தில் ஒரு மரியாதை என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

இருநூறு படம் எடுத்திருப்பேன். தேர்ந்தெடுத்ததில் ஆட்களை எண்ணினேன், 71 பேர். கம்பியைப் பிடித்தவர்கள், தலையைக் குனிந்து முதுகில் அடி வாங்குகிறவர்கள், உள்ளே போகப் பயந்து ஓரத்தில் கையை மட்டும் நீட்டுகிற ஒரு சிறுவன், அவனை இழுக்கிற ஒரு கை. முந்தைய படம் ஒன்பது வெவ்வேறு நேரங்களை ஒட்டியது. அப்படி ஒரு கணம் குற்றாலத்தில் நிகழவே இல்லை. இது ஐநூறில் ஒரு நொடி. அதில் இருக்கும் 71 பேரும் அந்த நேரத்தில் அங்கே இருந்தார்கள்.

போலீஸ்காரரிடம் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கூட்டமா இருக்கே, பரவால்லயா?" என்றார். பிறகு நான் கேமராவை அவரிடமே கொடுத்துவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். பத்து வருடமாக அருவிகளுக்குப் போகிறேன். லென்ஸ் நனையும் என்று ஒன்றிலும் குளித்ததில்லை.

*

அச்சுக்கடையில் தம்பி படத்தைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்கினார். "சார், போன தடவை குடுத்த ஃபைல் சூப்பர். இது ரெசல்யூஷன் கம்மி. ஏஐ-ல போட்டு நாலு மடங்கு ஏத்தித் தரவா? மூஞ்சியெல்லாம் ஷார்ப்பா வந்துரும்."

ஒரு ஆளுக்கு மட்டும் போட்டுக் காட்டினார். 23 பிக்சல் தலை திரும்பிப் பார்க்கும் ஒரு முகமாயிற்று. கண், புருவம், லேசான சிரிப்புகூட இருந்தது. அந்த ஆள் அன்றைக்குப் பாறையைப் பார்த்து நின்றவர். எங்கிருந்தோ ஒரு முகத்தைக் கொண்டுவந்து அவருடைய பிடரியில் ஒட்டியிருந்தது. நான் போலீஸ்காரரை அழித்துப் பாறை வைத்தேன். இது பிடரியை அழித்து முகம் வைக்கிறது. தொழில் ஒன்றுதான்.

"வேண்டாம் தம்பி, இருக்கிறது போதும்" என்றேன். கான்ட்ராஸ்டை மட்டும் வழக்கத்தைவிடக் கூட்டச் சொன்னேன். போன தடவை பளபளப்பு லேமினேஷன் போட்டதில் டியூப்லைட் வெளிச்சம் படத்தின்மேல் விழுந்து அப்பாவின் கண்ணைக் கூசவைத்தது. இந்தத் தடவை மேட். அடியில் சன்போர்டு. பழைய படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தோம். படம் எடுக்கும் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் அதைத்தான் வெளியே எடுத்துப் பார்க்கிறார்கள். சுவரில் இருப்பதைப் பார்த்து, "டூரிஸ்ட் போட்டோ மாதிரி இருக்கே" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அப்பா புதுப்படத்துக்கு முன்னால் நின்ற முதல் நாள் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து, மேலிருந்து மெதுவாகக் கீழே வந்தார். பொங்குமாங்கடலில் கொஞ்சம் நின்றார். அடிக்கு வந்ததும் மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார்.

"இந்தா நிக்கான் பாரு," என்று விரலை வைத்தார். "நல்லா விழுற இடத்தப் புடிச்சிட்டு, பின்னால இருக்கவனுக்கு வழி விடாம. எப்பவும் ஒருத்தன் இப்பிடி இருப்பான்." அம்மா சமையலறையிலிருந்து, "நீங்கதான் அப்பிடி நிப்பிய" என்றாள்.

அது போன வருடம். இந்த எட்டு மாதத்தில் வலது கண் இன்னும் குறைந்துவிட்டது. இப்போது படத்தில் ஆட்கள் அவருக்குத் தெரிவதில்லை. கறுப்பின் மேல் வெள்ளை இறங்குவது மட்டும் தெரிகிறது என்கிறார். யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். வருகிறவர்களுக்கு விரல் வைத்துக் காட்டுகிறார், பெரும்பாலும் சரியாக.

போன வாரம் குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாக டிவியில் சொன்னார்கள். வளைவைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை என்றார்கள். அப்பா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு வந்தார். மேலிருந்து கீழேவரை கையால் ஒரு தடவை தடவினார்.

"இதுல வளைவைத் தொடல" என்றார். "அளவாத்தான் விழுது. இன்னைக்குக் குளிக்க விடுவான்."